விரல் நின்றால் குரல் நிற்கும்

கடைசி மணி அடித்தும் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. மணி அடிக்கும் பணியாளர் மணிக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தார். பக்கத்துத் தெருவில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. ஊர்க்கோடியில் காதே கேளாத ஒருவர் "யாருப்பா அது?" என்று கேட்டதாகக்கூடச் சொல்கிறார்கள். வகுப்பு மட்டும் அசையவில்லை. அதோடு விட்டார்களா? ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி வெளியே எட்டிப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன், முக்கியமான இடம் ஓடிட்டிருக்கு" என்று மணியையே அடக்கினாள்.

நம்ப முடியவில்லையா? நம்பாதீர்கள். கடைசி மணி என்றால் அணை திறந்த மாதிரி என்பது பள்ளிக்கூட வாசலை ஒருமுறையாவது மிதித்த எவருக்கும் தெரியும். அதற்கு அசையாத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஆனாலும் நடந்தது. அதை நடத்திக் காட்டிய மகராசியின் கதைதான் இது.

அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சரவெடி டீச்சர். ஒரு முனையில் பற்றவைத்தால் மறுமுனை வரை நிற்காது. ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுப்பவர். அவர் குரலுக்கு மூன்றாவது கட்டடத்துச் சுவரில் சுண்ணாம்பு உதிரும் என்பது தலைமையாசிரியர் கிளப்பிவிட்ட வதந்தி. உண்மையில் இரண்டாவது கட்டடத்தில்தான் உதிரும்.

வாசிப்பு வகுப்புக்கு என்று அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பெஞ்சிலிருந்து தொடங்கி ஆளுக்கொரு பத்தி உரக்கப் படிக்க வேண்டும். முதல் பிள்ளை வாயைத் திறந்ததுமே மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தலைகளை எண்ணுவார்கள், பத்திகளை எண்ணுவார்கள். தனக்கு எந்தப் பத்தி விழும் என்று கணக்குப் போட்டு, அதை மட்டும் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். முறை முடிந்ததும் மூளைக்கு விடுமுறை. கதையில் ராஜா செத்தானா பிழைத்தானா என்பது யாருக்கும் தெரியாது. தன் பத்தியில் அவன் குதிரையில் ஏறினான் என்பது மட்டும் தெரியும்.

மூன்றாவது பெஞ்சில் ரேடியோ உட்கார்ந்திருந்தாள். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லாத பெண் என்பதால் அந்தப் பெயர். பேருந்தில் நடந்த சண்டையை அவள் சொன்னால் நடத்துநர், பயணி, கைக்குழந்தை, பின்னால் வந்த லாரியின் ஹாரன் எல்லாம் அவள் தொண்டையிலிருந்தே வரும். அப்பேர்ப்பட்டவளுக்கு, வாசிப்பு இரண்டாவது பெஞ்சைத் தாண்டியதும் கழிப்பறை ஞாபகம் வந்துவிடும்.

"டீச்சர், பாத்ரூம்."

"போன வாரமும் இதே நேரம்தானே கேட்ட?"

"வயிறு சொன்னா நான் என்ன டீச்சர் பண்றது?"

"உன் வயித்துக்கு யாரு டைம்டேபிள் போட்டுக் குடுத்தாங்க? எங்கயும் போக வேணாம். உன் பத்திதான், படி."

வகுப்பு சிரித்தது. ரேடியோ புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். முதல் எழுத்தைப் பிடித்தாள், இரண்டாவதைத் தேடினாள், மூன்றாவதற்கு வருவதற்குள் முதலாவது கையை விட்டு ஓடிப்போயிருந்தது. பின்னாலிருந்து எவனோ, "ரேடியோவுக்கு பேட்டரி போச்சுடா" என்றான். அவள் காது மடல்கள் சிவந்தன. கன்னத்தில் நீர் இறங்கியது. ஆனால் தலையைக் குனியவில்லை. எதிர்ச் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றாள், அந்தச் சுவர்தான் தனக்குப் படிக்கச் சொல்லித்தராத மாதிரி.

சரவெடி நமுத்துப்போனது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போன பிறகும் டீச்சருக்கு அந்த முறைப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. பேருந்து ஒன்றையே வாய்க்குள் வைத்திருக்கும் பெண் மக்காக இருக்க முடியாது. காது பறக்கிறது, கண் மட்டும் தவழ்கிறது. அப்படியானால் கண்ணுக்குத் துணையாகக் காதை அனுப்பினால் என்ன? கேள்வி வந்ததும் சமையலறை அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த ஸ்பீக்கரை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

பள்ளி நூலகத்தில் கப்பல் சமையல்காரன் ஒருவனைப் பற்றிய நாவல் ஆளுக்கொன்று கொடுக்கும் அளவுக்குக் கிடந்தது. அதையே ஒருவர் முழுதாகப் படித்துப் பதிவு செய்த ஒலிநூலும் இருந்தது. டீச்சர் புத்தகங்களைக் கொடுத்தார், ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தார், சட்டத்தை அறிவித்தார்.

"குரல் ஓடுற இடத்துல விரல் ஓடணும். யாரு விரல் நின்னாலும் குரலும் நிக்கும். ஒரு வரி பின்னாடி போய் மறுபடி வருவோம். யாரு விரல் நின்னதுன்னு நான் கேக்க மாட்டேன். யாரும் கேக்கக் கூடாது. கேட்டா அடுத்த வெடி அவங்க தலையில."

முதல் நாள் குரல் நொண்டி நொண்டித்தான் வந்தது. வரிக்கு வரி நின்றது, பின்னால் போனது, திரும்ப வந்தது. அந்தச் சமையல்காரன் கப்பலில் ஏறுவதற்குள் பாடவேளை முடிந்துவிட்டது. போகப் போக நிற்பது குறைந்தது. வார்த்தை காதில் விழும் அதே நொடியில் விரல் நுனியில் அதன் உருவம் தெரிந்தது. கேட்ட வார்த்தையும் பார்த்த வார்த்தையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு கைகுலுக்கிக்கொண்டன. சில வாரங்களில் ரேடியோவின் விரல் குரலை முந்தப் பார்த்தது. கழிப்பறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையே அவள் மறந்துபோனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் அவளுடைய அப்பா.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அங்கே அவருக்குக் கழுகார் என்று பெயர். பறந்து போகும் தாளில் ஒரு புள்ளி குறைந்தாலும் பிடித்துவிடுவார். தன் கல்யாணத்தன்று பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, முதலில் அதிலிருந்த பிழையைத் திருத்திவிட்டுத்தான் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அப்படிப்பட்டவரின் மகள் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறாள் என்பது அவருக்கு நெஞ்சில் தைத்த முள். ஒரு நாள் வீட்டில் மகள் கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டே போக, "எப்போ படிச்ச?" என்று கேட்டார். "கேட்டுக்கிட்டே படிச்சோம்பா" என்றாள் அவள். மறுநாள் காலை கழுகார் தலைமையாசிரியர் அறையில் இருந்தார், மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.

தலைமையாசிரியர் புகார் என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். டீச்சருக்கு ஆள் போயிற்று.

"என்ன டீச்சர், வகுப்புல பாட்டு போட்டுக்கிட்டு இருக்கீங்களாமே?"

"பாட்டு இல்ல சார், புத்தகம்."

"புத்தகம்னா கையில இருக்கணும்" என்றார் கழுகார். "காதுல இருந்தா அதுக்குப் பேரு பொழுதுபோக்கு. யாரோ படிக்க, இவ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, இவ எப்போ படிக்கிறது? பரீட்சையில பக்கத்து ஆளப் பாத்து எழுதுறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"சார், அவ விரல் ஓடுறத ஒரு தடவ வந்து பாருங்க."

"பாக்க என்ன இருக்கு? ஊர்ப் பிழையெல்லாம் திருத்துறேன். என் வீட்டுப் பிழைய என்னால திருத்த முடியல. அவளுக்குப் படிப்பு வந்த வரைக்கும் போதும்."

வீட்டுப் பிழை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்தார். ஸ்பீக்கர் அன்றே அவர் அறை அலமாரிக்குள் போகும். அடுத்த வாரம் அந்தப் பெண் தனி வகுப்புக்குப் போவாள்.

தனி வகுப்பு என்றால் தாழ்வாரக் கோடியில் உள்ள அறை. பிள்ளைகள் மொழியில் குடோன். கால் உடைந்த பெஞ்சுகளையும் படிப்பு வராத பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அங்கேதான் போட்டு வைத்திருந்தது. உடைந்த பெஞ்சுகளாவது எப்போதாவது தச்சனிடம் போய்ச் சரியாகி வந்தன. பிள்ளைகள் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

சரவெடி பற்றிக்கொண்டது.

"ஸ்பீக்கரப் பூட்டுங்க சார், அது உங்க அலமாரி. இந்தப் பொண்ணப் பூட்ட விட மாட்டேன். மெமோ குடுக்கணுமா, குடுங்க. வேற பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி அடிக்கணுமா, அடிங்க. நான் இருக்குற வரைக்கும் இவ மூணாவது பெஞ்ச விட்டு நகர மாட்டா."

"இது உத்தரவு டீச்சர்."

"இதுவும் பதில் சார்."

அன்று மதியம் ஸ்பீக்கர் இல்லை. டீச்சரே ஸ்பீக்கரானார். மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கப்பலின் சங்கொலி முதல் சமையல்காரனின் கொட்டாவி வரை தானே படித்தார். அடுத்த நாளும் படித்தார். பிள்ளைகளின் விரல்கள் ஓடின. தாழ்வாரத்தில் வந்து நின்று கேட்ட தலைமையாசிரியருக்கு, டீச்சரின் தொண்டையைப் பூட்ட எந்த அலமாரியும் கிடைக்கவில்லை. ஆனால் தொண்டைக்கும் ஒரு அளவு உண்டே! மூன்றாம் நாள் சரவெடியிலிருந்து புகைதான் வந்தது. பேச்சு கிசுகிசுப்பாகிவிட்டது. நாவலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அன்று மாலையே டீச்சர் கழுகாரைத் தேடி அச்சகத்துக்குப் போனார்.

அச்சகத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கழுகார் நீளத் தாள்களை விரித்து வைத்து, வரிக்குக் கீழே ஒரு அட்டையை நகர்த்திக்கொண்டே குனிந்திருந்தார். எதிரே ஒரு அக்கா. அச்சகத்தில் அவருக்குப் பெயர் கணீர் அக்கா. மூலப்பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "ஆகவே கமா, நீர்த்தொட்டியின் அடிப்பகுதியில் சேரும் வண்டலை அகற்ற வேண்டும் முற்றுப்புள்ளி, புதுப் பத்தி..." அக்காவின் குரல் ஓடிய இடத்தில் கழுகாரின் அட்டை ஓடியது. அட்டை நின்றால் குரல் நின்றது. சிவப்புப் பேனா ஒரு சுழி போட்டதும் குரல் மறுபடி கிளம்பியது.

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டிய தொண்டையில் சிரிப்பு வந்தால் எப்படி இருக்கும்? அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். இருவரும் நிமிர்ந்தார்கள்.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் டீச்சர் கிசுகிசுப்பாக.

"பாத்தா தெரியல? வேலை."

"படிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு இந்த அக்கா எதுக்கு சத்தமா படிச்சுக் காட்டணும்?"

"கண்ண நம்ப முடியாதும்மா" என்றார் கழுகார், தொழில் பெருமையோடு. "ஓடி ஓடித் தாவும். இல்லாத வார்த்தைய இருக்குன்னு சொல்லும். காதுல குரல் வந்துக்கிட்டே இருந்தா தாவ முடியாது, வரியோட கட்டிப் போட்ட மாதிரி நிக்கும்."

"அப்போ நீங்களும் பக்கத்து ஆளப் பாத்துத்தான் எழுதுறீங்க."

கணீர் அக்கா மூலப்பிரதியால் வாயைப் பொத்திக்கொண்டார். கழுகாரின் முகம் சிவப்புப் பேனாவின் நிறத்துக்கு வந்தது.

"அது வேற, இது வேற. எனக்குப் படிக்கத் தெரியும். அவளுக்குத் தெரியாது."

"நல்லா தெரிஞ்ச உங்களுக்கே ஒரு குரல் துணை வேணும். தெரியாத பிள்ளைய மட்டும் தனியா காட்டுக்குள்ள விடுவீங்களா? இது எந்த ஊரு நியாயம் சார்?"

"அவ கேக்கத்தான் செய்றா. படிக்கல. எனக்குத் தெரியும்."

"அப்ப வந்து காட்டுங்க. ஒரே ஒரு பாடவேளை. ஸ்பீக்கரத் திறக்கச் சொல்லுங்க, நீங்க சொன்னா ஹெட்மாஸ்டர் கேப்பாரு. அவ படிக்காம சும்மா கேட்டுக்கிட்டு இருக்கான்னு நீங்க பிடிச்சுட்டா, அவ பையத் தூக்கிட்டு நானே குடோனுக்குக் கூட்டிட்டுப் போறேன். பிடிக்க முடியலன்னா உங்க வாயால ஒத்துக்கணும்."

"போங்க கழுகாரே" என்றார் கணீர் அக்கா. "பிழைன்னா விட மாட்டீங்களே. போய்ப் பிடிங்க."

மறுநாள் கடைசிப் பாடவேளை. கழுகார் ஏழாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், மகளுக்குப் பக்கத்தில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஒரு புத்தகம். சட்டம் அவருக்கும் பொருந்தும் என்று டீச்சர் சைகையால் சொல்லிவிட்டார். அவருக்குத் தொண்டை இன்னும் திரும்பவில்லை. கழுகார் அச்சகத்தில் மாலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர் என்பதால் சாப்பாட்டுப் பையையும் கையோடு கொண்டு வந்திருந்தார்.

அலமாரியிலிருந்து வெளியே வந்த ஸ்பீக்கரில் குரல் கிளம்பியது. கப்பலில் ஓட்டை விழுந்து, மற்றவர்கள் எல்லோரும் சிறுபடகுகளில் தப்பித்துவிட, சமையல்காரன் மட்டும் மாட்டிக்கொண்ட இடம். கழுகார் முதலில் மகளின் விரலைத்தான் பார்த்தார். அது ஓடியது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தார். நிற்கவில்லை. சரி, குத்துமதிப்பாக ஓட்டுகிறாளோ என்று தன் புத்தகத்தோடு ஒப்பிட்டார். வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருந்தது. இதற்கிடையில் சமையலறைக்குள் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்த கடைசிப் படகு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கழுகார் மகளை மறந்தார். பிழையை மறந்தார். வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"டீச்சர், நிறுத்துங்க!"

ரேடியோ எழுந்து நின்றாள். டீச்சர் பொத்தானை அழுத்தினார்.

"படிக்கிறவரு ஒரு வரிய முழுங்கிட்டாரு."

வகுப்பு சலசலத்தது. கழுகார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிழை என்றதும் அவருக்குள் இருந்த தொழில்காரர் விழித்துக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் போகல. நானும்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்பா, உங்க விரல் நின்னுடுச்சு" என்றாள் மகள்.

கழுகார் குனிந்து பார்த்தார். அவர் விரல் முந்தின பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது.

ரேடியோ புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். யாரும் படிக்கச் சொல்லவில்லை. முறையும் அவளுடையது இல்லை. ஆனாலும் படித்தாள். "அவன் க...கயிற்றை அவி...அவிழ்..."

பின்னால் எவனோ களுக்கென்றான். அவள் திரும்பினாள். "சிரிச்சேன்னா, முதல் அத்தியாயத்துலேருந்து மறுபடி படிப்பேன். வீட்டுக்கே போக முடியாது, பாத்துக்கோ."

சிரிப்பு வந்த இடத்துக்கே திரும்பிப் போனது. அவள் மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் காலை ஊன்றி வைத்தாள். "அவன் கயிற்றை அவிழ்க்கவில்லை. அரிவாள்மனையால் அறுத்தான்." பிறகு நிமிர்ந்து, "இத விட்டுட்டாருன்னா, அப்புறம் கயிறு எப்படி அறுந்துச்சுன்னு யாருக்குமே புரியாதுல்ல?" என்றாள்.

டீச்சர் பதிவைப் பின்னால் ஓட்டிப் போட்டார். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. உண்மைதான். படித்தவர் அந்த வரியைத் தாண்டிக் குதித்துப் போயிருந்தார். அச்சடித்த புத்தகத்தில் அது இருந்தது. அந்த அறையில் அதைப் பிடித்த ஒரே ஆள் ரேடியோ. ஊரிலுள்ள புள்ளிகளையெல்லாம் பிடித்த கழுகார் பார்த்துக்கொண்டே இருந்து கோட்டை விட்டிருந்தார்.

குரல் மறுபடி ஓடியது. அப்போதுதான் அந்த மணி அடித்தது. அடித்ததும், மறுபடி அடித்ததும், ஜன்னலோரத்துப் பெண் அதை அதட்டியதும் முன்பே சொல்லியாயிற்று. சமையல்காரன் அறுந்த கயிறோடு நடுக்கடலில் ஆடிக்கொண்டிருக்கையில் யார் வீட்டுக்குப் போவார்கள்? மணி அடித்தவரே ஜன்னலில் வந்து சாய்ந்துகொண்டு, "அப்புறம் என்னாச்சு?" என்றார். அத்தியாயம் முடியும் வரை பள்ளிக்கூடம் என்ற ஒன்று இருப்பதையே அந்த வகுப்பு மறந்துபோனது.

அத்தியாயம் முடிந்து பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டும்போது தலைமையாசிரியர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாசலில் பெற்றோர் காத்திருக்கிறார்கள். புகார் வருவதற்கு முன்னாலேயே அவர் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வந்திருந்தார்.

"மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு! பிள்ளைங்களப் பூட்டி வெச்சிருக்கீங்களா டீச்சர்?"

"நான் யாரையும் பூட்டல சார்" என்றார் டீச்சர், இருந்த கொஞ்சக் குரலில். "பூட்டுறது நம்ம பள்ளிக்கூடத்துல வேற ரூம். இங்க மணி அடிச்சும் அவங்களே எழுந்திருக்கல."

"கடைசி மணிக்கு எழுந்திருக்காத பசங்களா? கதை விடறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

கழுகார் பெஞ்சிலிருந்து தன்னைக் கஷ்டப்பட்டு உருவிக்கொண்டு எழுந்தார். மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினார்.

"சார், புகார் குடுத்தவன் நான்தான். திரும்ப வாங்கிக்கிறேன். கண்ணால படிச்சாத்தான் படிப்பு, காதால கேட்டா ஏமாத்துன்னு நெனச்சேன். தினமும் என் பொழப்பே அப்படித்தான் ஓடுது, அது எனக்கு உறைக்கல. இன்னிக்கு நான் விட்ட வரிய என் பொண்ணு பிடிச்சா. அவ பிழை இல்ல சார். என் பார்வையிலதான் பிழை." பெஞ்சிலிருந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினார். "படிக்கத் தடுமாறுற பிள்ளை கையில புத்தகத்தக் குடுத்து, கூடவே ஒரு குரலையும் துணைக்கு அனுப்புங்க. அது தானா நடந்து வந்துடும். துணையும் குடுக்காம, மக்குன்னு பேரும் வெச்சு, இருட்டு ரூம்ல தள்ளுறோம் பாருங்க, அதுதான் ஏமாத்து வேலை. என் பொண்ணு எங்கயும் போக மாட்டா. அந்தக் குடோன்ல இருக்குற பிள்ளைங்களையும் இங்க கூட்டிட்டு வாங்க. முடியாதுன்னா சொல்லுங்க, நாளைக்கு வாசல்ல நிக்கிற எல்லாரும் சேர்ந்து வந்து கேக்குறோம்."

எல்லாரும் சேர்ந்து என்ற சொல் தலைமையாசிரியரை வாசல் பக்கம் எட்டிப் பார்க்க வைத்தது. பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதெல்லாம் செஞ்சுடலாம். ஆனா நீங்க நேர்மையான ஆளு, உண்மையச் சொல்லுங்க. மணி அடிச்சும் நிஜமாவே ஒருத்தரும் எழுந்திருக்கலையா?"

கழுகார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுப் பையை எடுத்தார்.

"நடந்துச்சு சார். மணி அடிச்சுது. எனக்கு ஷிஃப்டே போச்சு. நானும் எழுந்திருக்கல."